ஒரு எஞ்சின் நின்றால் பிளேன் விழுந்துவிடுமா?

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி
பெப்ரவரி 3

அம்மா அடுத்த மாதம் குவைத்திலிருந்து வருகிறார். ஆறு வருடத்துக்குப் பிறகு. எனக்குப் பிளேன் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றதை வைத்து வந்து இறங்கிவிடும் என்று மாமா சொல்கிறார். உண்மையா, இல்லை என் வாயை அடைக்கச் சொல்கிறாரா? எங்கள் தாத்தா சப்த கன்னி மலையில் விழுந்த பிளேனைப் பார்க்க நடந்தே போனவர். எஞ்சின் வெடித்துத்தான் விழுந்தது என்று சாகும்வரை சொன்னார்.

பெப்ரவரி 3, இரவு 9.20

மாமா சொன்னது சரி. தாத்தா சொன்னது சரியில்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

நான் 11 வருடம் வளைகுடாவில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு ஹேங்கரில் இருந்தவன். கூட்டிப் பெருக்கப் போனேன், பிறகு ஒயில் மாற்ற விட்டார்கள், கடைசி நாலு வருடம் எஞ்சின் மெக்கானிக்குக்குக் கையாள். விமானி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

பயணிகள் விமானத்துக்கு அன்றன்று எடைக் கணக்குப் போடும்போதே, ஓடுபாதையில் ஓடுகையில் ஒரு எஞ்சின் செத்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள். 'வீ-ஒன்' என்று ஒரு வேகம் உண்டு. எடைக்கும் ஓடுபாதை நீளத்துக்கும் தக்கபடி மாறும். அதற்கு முன் கெட்டால் பிரேக். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்த இடம் போதாது. ஏறித்தான் ஆகவேண்டும், ஏறவும் முடியும். பக்கத்திலிருப்பவர் அந்த வேகத்தை வாய்விட்டுச் சொன்னதும் கேப்டன் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரான த்ரொட்டிலிலிருந்து கையை எடுத்துவிடுவார். கை அங்கேயே இருந்தால் பயத்தில் இழுத்துவிடத் தோன்றும், அதற்காக.

சக்கரத்தை மடக்கியபின், இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினோடு 100 மீட்டருக்கு 2.4 மீட்டராவது ஏறவேண்டும் என்பது விதி. நம் நானுஓயா கோச்சியைவிட நல்ல ஏற்றம்.

பெப்ரவரி 3, இரவு 10.05

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா உடனே பிடித்துவிட்டார். நம் மலைப்பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1. வகுத்தால் 100க்கு 2.27. ஆக விமானமும் கோச்சியும் கிட்டத்தட்ட ஒரே சரிவு. 'நல்ல ஏற்றம்' என்றது என் வாய்ச்சவடால்.

ஆனால் ஐயா, வேகத்தையும் பார்க்கவேண்டும். மணிக்கு 280 கிலோமீட்டரில் அந்தச் சரிவு நிமிடத்துக்கு 350 அடிக்கு மேல். உங்கள் கோச்சி பட்டிப்பொல ஸ்டேஷனின் 6,226 அடிக்கு வந்து சேர எத்தனை தேத்தண்ணி குடிக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். தவிர, 2.4 என்பது ஆகக் குறைந்தது.

பெப்ரவரி 4, காலை

தாத்தாவின் பிளேன்.

1974 டிசம்பர் 4. மார்ட்டின்எயார் என்ற டச்சுக் கம்பனியின் டிசி-8, நாலு எஞ்சின். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. எஞ்சின் காரணமில்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தப்பாகக் கணித்துவிட்டார்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்து இறங்கினார்கள், இருட்டில் குறுக்கே மலை. அதன் டயர் ஒன்றை நோர்ட்டன் பிரிஜ்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதைக் கையால் தட்டிப் பார்த்திருக்கிறேன். லொறி டயர் மாதிரித்தான் இருந்தது, ஏமாற்றமாக இருந்தது.

தாத்தாவைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சிதறலை நேரில் பார்த்தவருக்கு வெடித்தது என்றுதானே தோன்றும்.

பெப்ரவரி 4, இரவு

'உங்களுக்கே நடந்திருக்கிறதா' என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நடந்தது, ஒரு தடவை, லீவில் ஊருக்கு வரும்போது. கம்பனி பெயர் வேண்டாம்.

இரவு விமானம், இரண்டு எஞ்சின், அகலமான ரகம். ஏறி 25 நிமிடம் இருக்கும். சாப்பாட்டு வண்டி மூன்று வரிசைக்கு முன்னால் நிற்கிறது. 'டொம்.' தார் பீப்பாயைக் கட்டையால் அடித்த மாதிரி. இருக்கைக்குள் அந்த அதிர்வு ஏறியது. மறுபடி 'டொம், டொம்'. எனக்கு முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, கம்பிரசர் ஸ்டால். எஞ்சினுக்குள் ஒழுங்காகப் பின்னால் போகவேண்டிய காற்று தடுமாறி முன்னால் திரும்பிவிடும். அப்போது பின்பக்கம் தீ நாக்கு நீட்டும். பார்க்கப் பயங்கரம். ஆனால் அந்த எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கியது. சாப்பாட்டு வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். விமானம் ஒரு பக்கம் லேசாக இழுத்த மாதிரி இருந்து நேரானது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரு அறிவிப்பும் இல்லை. அந்த நேரம்தான் கொடுமை. பிறகு கேப்டன் அரபியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்: ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டோம், திரும்பிப் போகிறோம். தமிழில் யார் சொல்வார்? சுற்றிலும் நம் பெண்கள், வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். யாரும் அழவில்லை. ஒரு அக்கா கேட்ட முதல் கேள்வி: 'அப்ப கட்டுநாயக்கவுல வேன் பிடிச்சு வந்து நிக்கிறாங்களே, வெயிட்டிங் காசு யார் குடுக்கிறது?'

இறங்கும்போது ஓடுபாதையின் இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள், வெளிச்சம் சுழன்றுகொண்டு. நின்றதும் பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து பார்த்தார். எரிபொருள் நிறைய மிச்சம் இருக்கும்போது இறங்கினால் எடை கூட, பிரேக் கொதிக்கும். அந்த ரகத்தில் வானத்திலேயே எரிபொருளைக் கொட்ட வழியிருந்தது. கொட்டிவிட்டுத்தான் இறங்கினார்கள், அப்படியும் பார்த்தார்கள். சின்ன ரக விமானங்கள் பலவற்றில் கொட்டவே முடியாது. சுற்றிச்சுற்றி எரிக்கவேண்டும், இல்லையென்றால் அந்த எடையோடே இறங்கவேண்டும்.

பெப்ரவரி 6

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: 'பன்னிரண்டு நிமிடம் சும்மாவா இருந்தார்கள்? பயணிகளுக்குச் சொல்ல ஒரு நிமிடம் கிடையாதா?'

கிடையாது தம்பி. முதலில் விமானத்தைப் பறக்க வைக்கவேண்டும், அடுத்தது எங்கே போவது, மூன்றாவதுதான் பேச்சு. இந்த ஒழுங்கு உலகம் முழுக்க ஒன்று. அந்தப் பேச்சிலும் தரைக் கட்டுப்பாட்டுக்கு முதலிடம், பிறகு பணிப்பெண்கள், கடைசியில் நாம்.

எஞ்சினை நிறுத்துவதும் சுவிட்சைத் தட்டுகிற வேலை இல்லை. ஒருவர் லீவரில் கையை வைத்து 'இதுதானே' என்பார். மற்றவர் பார்த்து 'இதுதான்' என்ற பிறகே இழுப்பார். எரிபொருளை வெட்டும் சுவிட்சுக்கும் அதே கேள்வி, அதே பதில். தீ என்றால் சிவப்புக் கைப்பிடி அல்லது பொத்தான். அணைக்கும் வாயு பொதுவாக இரண்டு போத்தல் இருக்கும். ஒன்றை விடுவார்கள், காத்திருப்பார்கள், விளக்கு அணையாவிட்டால் இரண்டாவது. புறப்படும்போதே கெட்டால், பல கம்பனிகளில் 400 அடிக்கு ஏறும்வரை சக்கரத்தை மடக்குவதைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். கேட்கும்போது சோம்பேறித்தனம் போலத் தெரியும்.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எஞ்சின் டிரைவர். இரண்டு டீசல் எஞ்சின்: ஒன்று கொழுந்து உருட்டும் ரோலருக்கு, ஒன்று உலர்த்தும் ட்ரையருக்கு. சத்தம் மாறினால் அப்பா ஓடமாட்டார். கையை எஞ்சின் மேல் வைப்பார். ஒயிலில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்ப்பார். அதில் மினுக்கம் தெரிந்தால் பேரிங் தேய்கிறது. ஹேங்கரில் என்னை முதன்முதலில் எஞ்சின் பக்கம் விட்டபோது செய்யச் சொன்ன வேலை என்ன தெரியுமா? ஒயில் குழாயில் காந்தம் வைத்த ஒரு சின்ன அடைப்பான் இருக்கும். அதைக் கழற்றித் துடைத்து, ஒட்டியிருக்கும் துகளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. தூசி போல இருந்தால் பரவாயில்லை. செதில் போல இருந்தால் மேலே சொல். அன்றிரவு அப்பாவுக்குப் போன் போட்டு, 'உங்க வேலைதான் அப்பா, விரலுக்குப் பதில் காந்தம்' என்றேன். 'சம்பளம்?' என்றார்.

பெப்ரவரி 7

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. 'தீ என்றால்' என்று எழுதினேன். எங்கள் விமானத்தில் தீ எச்சரிக்கை வந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளியே தெரிந்தது கம்பிரசர் ஸ்டாலால் வந்த தீ நாக்கு. அது எஞ்சின் குழாய்க்குள் எரிவது. எஞ்சினை மூடியிருக்கும் கூட்டுக்குள், குழாய்க்கு வெளியே எரிந்தால்தான் அந்தச் சிவப்பு விளக்கு.

பெப்ரவரி 7, மாலை

தங்கச்சியின் அடுத்த கேள்வி: நடுவானத்தில், நம் மலைக்கு மேலே நின்றால்?

35,000 அடியில் ஒற்றை எஞ்சினால் தாக்குப்பிடிக்க முடியாது. மெல்ல மெல்ல இறங்கி, எடையைப் பொறுத்து 20,000 அடியை ஒட்டி எங்கேயோ நிலைக்கும். நம் நாட்டின் ஆக உயரமான பீதுருதாலகால 2,524 மீட்டர், அதாவது 8,281 அடி. தலைக்கு மேலே தாராளமாகப் போய்விடும். இமயமலைப் பக்கம்தான் இதற்குத் தனி வழி போட்டு வைப்பார்கள்.

இரண்டும் நின்றால்? அப்போதும் கல் மாதிரி விழாது. ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முன்னால் போகும். நுவரெலியாவுக்கு மேலே 35,000 அடியில் இரண்டும் நின்றால் கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர், மத்தள விமான நிலையம் அதைவிடக் கிட்ட. கணக்குப்படி இரண்டும் எட்டும் தூரம். காற்றும், திரும்பும் வளைவுகளும் கொஞ்சம் தின்னும்.

நடந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 24, எயார் ட்ரான்சாட் கம்பனியின் ஏ330 விமானம், டொரொன்டோவிலிருந்து லிஸ்பனுக்கு, 306 பேர். அத்திலாந்திக்குக்கு மேலே எரிபொருள் ஒழுகி இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 19 நிமிடம் போல மிதந்து வந்து அசோர்ஸ் தீவில் இறங்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

எல்லோரும் விமானியைப் பாராட்டுவார்கள், பாராட்டவேண்டியதுதான். எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு. கொஞ்ச நாளுக்கு முன் எஞ்சின் மாற்றியபோது பொருந்தாத ஒரு ஹைட்ரோலிக் குழாயைப் போட்டுவிட்டார்கள். அது எரிபொருள் குழாயோடு உரசி உரசி விரிசல் விட்டது. அதைப் படித்த நாளிலிருந்து இரண்டு குழாய்க்கு நடுவில் விரலை விட்டுப் பார்க்காமல் நான் மூடியைப் போட்டதில்லை.

பெப்ரவரி 7, இரவு

சிரிக்கவும் ஒன்று. ஷிப்ட் முடிந்தால் கருவிகளை எண்ணவேண்டும், ஒன்று குறைந்தாலும் விமானம் வெளியே போகாது. ஒரு நாள் சின்ன டோர்ச் ஒன்று இல்லை. மூன்று மணி நேரம் எட்டுப் பேர் எஞ்சினுக்குள் தலையை விட்டுத் தேடினோம். கடைசியில் என் காற்சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகு ஹேங்கரில் எனக்குப் பெயரே டோர்ச்.

பெப்ரவரி 9

ஒரு எஞ்சின் நின்றால் ஆபத்தில்லை என்று நான் எழுதிக்கொண்டே போவதைப் பார்த்து ஒருவர் கோபப்பட்டிருக்கிறார்: 'அப்படியானால் ஒரு எஞ்சின் கெட்டு ஏன் ஆட்கள் செத்திருக்கிறார்கள்?' நியாயமான கேள்வி.

1989 ஜனவரி 8. பிரிட்டிஷ் மிட்லண்டின் 737, லண்டனிலிருந்து பெல்பாஸ்ட்டுக்கு. இடது எஞ்சினில் விசிறி இதழ் ஒன்று உடைந்தது. நடுக்கம், புகை வாசம். விமானிகள் வலது எஞ்சின் என்று முடிவு கட்டி, நல்லதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தப் போன அதே வேளையில் நடுக்கமும் குறைந்தது, தற்செயலாக. 'பார், சரியானதைத்தான் நிறுத்தினோம்' என்று தோன்றிவிட்டது. இறங்கப் போகும்போது கெட்ட எஞ்சினும் கைவிட்டது. கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஓடுபாதைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

2015 பெப்ரவரி 4, தாய்பேயில் ட்ரான்ஸ்ஏசியா கம்பனியின் ஏடிஆர் விமானம். புறப்பட்ட கையோடு ஒரு எஞ்சின் போனது, விமானி மற்றதை நிறுத்தினார். 43 பேர் இறந்தார்கள்.

செத்த எஞ்சினோடு பிழைக்கலாம். அவசரப்பட்ட கையோடு பிழைப்பது கஷ்டம். எங்கள் ஸ்டோரிலும் ஒரு பையன் ரோலர் பக்கம் சத்தம் கேட்டு ட்ரையர் எஞ்சினை நிறுத்தினான். ஒரு தட்டுக் கொழுந்து கருகியது, துரையிடம் அப்பா ஏச்சு வாங்கினார். அவ்வளவோடு போனது.

கெக்வொர்த்தில் என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. கேப்டன் வலது எஞ்சின் என்று அறிவித்ததைப் பயணிகள் கேட்டார்கள். பின்னால் இருந்த பல பயணிகள் இடது பக்கம் தீப்பொறியைக் கண்ணால் பார்த்தவர்கள். பணிப்பெண்களிலும் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருவரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார்கள்.

பெப்ரவரி 9, நள்ளிரவு தாண்டி

மேலே 4ஆம் தேதி எழுதியதைத் திருத்தவேண்டும்.

'முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது' என்று எழுதினேன். பொய். பாதித் தூக்கத்தில் இருந்தேன். சாப்பாட்டு வண்டி எதிலோ மோதிவிட்டது என்று நினைத்தேன். ஜன்னலோரம் பொகவந்தலாவை அக்கா, நடுவில் ஒரு வங்காளி, நடைபாதைப் பக்கம் நான். அந்த அக்கா வங்காளியின் மடிக்கு மேலாகக் கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். 'தம்பி, வெளியே நெருப்பு வருது.'

நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'அது றெக்கை விளக்கு அக்கா, தூங்குங்க' என்றேன். ஹேங்கரில் எத்தனை வருடம் குப்பை கொட்டியவன்! இரண்டு வருடம் அடுப்படியில் நின்றவரின் கண்ணை நம்பவில்லை.

அவர் தூங்கவில்லை. தலைக்கு மேலே ஆள் படம் போட்ட பொத்தானை எழுந்து அமுக்கினார். பணிப்பெண் வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைக் காட்டினார். அந்தப் பிள்ளை குனிந்து பார்க்கும்போது மறுபடி 'டொம்', மறுபடி வெளிச்சம். நிமிர்ந்து நேரே சுவரிலிருந்த போனுக்குப் போனாள். அப்போதுதான் நான் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

தரையிறங்கிய பிறகு அந்தப் பணிப்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். கேப்டன் தன்னிடம் கேட்ட முதல் கேள்வி 'எந்தப் பக்கம்?' என்றாள். இரண்டாவது கேள்வி, 'நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்கிறாய்?' வாலைப் பார்த்து நின்றால் இடம் வலமாகிவிடும் அல்லவா. விமானிகளுக்கு மானிகளில் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அக்கா சொல்லாவிட்டாலும் சரியானதைத்தான் நிறுத்தியிருப்பார்கள். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

பெப்ரவரி 10

'ஏன் இப்போது ஒத்துக்கொள்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். 4ஆம் தேதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அதில் அந்த அக்கா வேன் காசு கேட்கிற ஆளாக மட்டும் இருந்தார். ஆம், இரண்டும் ஒரே அக்காதான்.

பெப்ரவரி 12

எஞ்சினுக்குள் கோழி எறிந்து சோதிக்கும் கதை உண்மையா என்று ஒரு தம்பி கேட்கிறார். உண்மைதான். புது ரக எஞ்சினுக்கு அனுமதி கேட்கும்போது ஓடும் எஞ்சினுக்குள் பறவை உடலைச் சுட்டுப் பார்க்கவேண்டும். ஆகப் பெரிய எஞ்சின்களுக்கு 3.65 கிலோ வரை. எஞ்சின் நிற்கலாம், ஆனால் சிதறக்கூடாது. விசிறி இதழ் ஒன்றை வேண்டுமென்றே வெடிவைத்துப் பிடுங்கியும் பார்ப்பார்கள், கூடு அதை உள்ளேயே பிடித்துவைக்கவேண்டும். எப்போதும் பிடிக்கும் என்றில்லை. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380இல் உடைந்தது இதழ் இல்லை, உள்ளே சுழலும் தட்டே. அதைத் தடுக்க எந்தக் கூடும் இல்லை. றெக்கையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. 469 பேரோடு சிங்கப்பூருக்கே திரும்பி இறங்கினார்கள்.

கோழியை உருக விடாமல் உறைந்தபடியே எறிந்துவிட்டார்கள் என்ற பகிடியை நானும் கேட்டிருக்கிறேன். பறவை அடித்த எஞ்சினுக்குள் தலையை விட்டவனுக்கு அதில் சிரிப்பு வராது. கருகிய இறைச்சியும் இறகும் கலந்த வாசம். அன்று மெஸ்ஸில் சிக்கன் போட்டால் நான் பருப்போடு எழுந்துவிடுவேன்.

மார்ச் 14

தங்கச்சி எழுதியிருக்கிறார்: அம்மா வந்து சேர்ந்துவிட்டார், இரண்டு எஞ்சினும் கடைசிவரை ஓடின, வேன் மட்டும் கினிகத்தேனையில் நின்றுவிட்டது. றேடியேட்டரில் தண்ணீர் இல்லையாம். அம்மாதான் முதலில் ஆவியைப் பார்த்துச் சொன்னாராம். டிரைவர், 'அது மழை மூட்டம் அம்மா' என்றாராம்.